வெந்நீர்த் தடாகத்தில் இறங்குவதற்கு முன்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எனது மச்சான் ஒருவர் சுவிஸ் மலைப்பகுதியிலுள்ள வெந்நீர்த் தடாகம் ஒன்றிலிருந்து அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 56. அவரது 25ஆவது திருமண நாளுக்காகப் பிள்ளைகள் இருவரும் தங்கள் சம்பளத்தில் சேர்த்து வாங்கிக் கொடுத்த அன்பளிப்பு அந்தப் பயணம். முப்பது வருடமாக உணவகச் சமையலறையில் நின்றே வேலை செய்த மனிதர், ஒரு நாளாவது சுகமாக இருக்கட்டும் என்பது அவர்களின் எண்ணம்.

மதியம் வயிறு நிறையச் சாப்பாடு. கூடவே ஒரு பியர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளதில் அதிகச் சூடான தொட்டியைத் தேடிப் பிடித்து, கழுத்தளவு நீரில் முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கிறார். இடையில் இடது தோளும் நெஞ்சும் இறுகுவது போல இருந்ததாம். “வேலை நோ தான், சுடுதண்ணியில இருந்தாப் போயிடும்” என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிடம் இருந்தார். எழுந்து படியில் கால் வைத்தபோது கண் இருண்டு விழுந்தார். பக்கத்தில் நின்ற பணியாளர் ஓடிவந்து தலையை நீருக்கு மேல் பிடித்ததால் உயிர் தப்பினார். இதயக் குழாய் ஒன்று முற்றாக அடைத்திருந்தது. அன்று மாலையே அதைத் திறந்து வலைக்குழாய் வைத்தார்கள். இன்று நலமாக இருக்கிறார்.

வைத்தியசாலை விறாந்தையில் காத்திருந்தபோது அவரது மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “மாமா, நாங்கள் வாங்கிக் குடுத்த ரிக்கெற்றாலதானே அப்பாவுக்கு இப்பிடி?”

அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் வைத்தியன் அல்ல, கணக்குப் பார்ப்பவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதை, எம்மவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

யப்பான் சொல்லும் பாடம்

வெந்நீர்க் குளியலைப் பற்றிப் பேசுவதென்றால் யப்பானில்தான் தொடங்க வேண்டும். எரிமலைகள் நிறைந்த அந்த நாட்டில் வெந்நீர் ஊற்றுகளை ‘ஒன்சென்’ என்று அழைக்கிறார்கள். 1948ஆம் ஆண்டிலேயே அவற்றுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய நாடு அது. வீட்டிலும் பெரும்பாலானோர் இரவில் ஆழமான தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து குளிப்பார்கள். 40 முதல் 42 பாகை செல்சியஸ் என்பது அவர்களுக்குச் சாதாரணம்.

அதே நாட்டில்தான் குளியல் மரணங்களும் அதிகம். குளிக்கும்போது திடீரென இறப்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 பேர் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்களின் தொகை, வீதி விபத்தில் இறக்கும் முதியவர்களின் தொகையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று யப்பானின் நுகர்வோர் விவகார முகவரகம் எச்சரித்திருக்கிறது. இந்த மரணங்களில் பெரும்பகுதி குளிர்காலத்தில் நடக்கிறது.

முதியவர்களுக்கு மட்டும் உரிய ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2024 மார்கழியில், யப்பானின் புகழ்பெற்ற நடிகையும் பாடகியுமான மிஹோ நகயாமா ரோக்கியோவில் தனது வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 54. குளிக்கும்போது நேர்ந்த விபத்து என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு குளிர்காலக் குளியலைப் பற்றி அந்த நாடு முழுவதும் மீண்டும் பேசத் தொடங்கியது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தொட்டியில் இறந்தவர் மாரடைப்பால் இறந்தாரா, மூளையில் குருதி அடைத்து இறந்தாரா, வெறும் மயக்கம் வந்து நீரில் மூழ்கினாரா என்று பிரித்தறிவது பல வேளைகளில் கடினம். பத்திரத்தில் ‘நீரில் மூழ்கியமை’ என்று மட்டும் பதிவாகும். அதனால் மேலே சொன்ன இலக்கங்கள் முழுவதையும் மாரடைப்புக் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் மூன்றுக்கும் வழி ஒன்றுதான்: குருதி அழுத்தம் குறுகிய நேரத்துக்குள் ஏறி இறங்குவது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு குளியலை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, உடை மாற்றும் நேரம். குளிரான அறையில் உடையைக் கழற்றியதும் தோலுக்கு அருகிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. உடல் தனது வெப்பத்தைக் காக்கச் செய்யும் வேலை அது. குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும். வெளித் தடாகத்துக்குப் பனியில் வெறுங்காலோடு நடந்து போனால் இன்னும் ஏறும்.

இரண்டாவது, நீரில் இறங்கும் நேரம். நீர் 42 பாகைக்கு மேல் இருந்தால் உடல் அதை ஓர் அதிர்ச்சியாகவே எடுத்துக்கொள்கிறது. நரம்பு மண்டலம் உசாராகி, அழுத்தம் இன்னும் ஒருமுறை எகிறுகிறது, இதயத் துடிப்பும் கூடுகிறது. மூளையில் பலவீனமான குழாய் உள்ளவருக்கு இந்தக் கணம் ஆபத்தானது.

மூன்றாவது, நீரில் இருக்கும் நேரம். சில நிமிடங்களில் சூட்டினால் தோலின் குழாய்கள் விரிந்து, அழுத்தம் இறங்கத் தொடங்கும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்க வேண்டும். இதோடு நீரின் எடையும் சேர்கிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் நீர் உடலின் மேல் தரும் அழுத்தம் 70 மில்லிமீற்றர் பாதரசத்துக்கும் மேல். கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் குருதியில் ஏறத்தாழ 700 மில்லிலீற்றரை அது நெஞ்சுப் பக்கம் தள்ளிவிடுகிறது. நல்ல இதயம் இதைச் சமாளிக்கும். ஏற்கெனவே களைத்த இதயத்துக்கு, மாடிப்படியில் மூட்டையோடு ஏறச் சொன்னது போலத்தான்.

அதே வேளையில் வியர்வை போகிறது. நீருக்குள் இருப்பதால் வியர்ப்பது எமக்குத் தெரிவதில்லை. கழுத்தளவு நீரில் இருந்தால் சிறுநீரும் கூடச் சுரக்கும். இரண்டு வழியாலும் நீர் குறைய, குருதி தடிக்கிறது. தடித்த குருதி எளிதில் கட்டிபடும். அந்தக் கட்டி இதயக் குழாயை அடைத்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பாரிசவாதம்.

நான்காவது, எழுந்திருக்கும் நேரம். மிகவும் கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். எழுந்தவுடன் உடலைச் சுற்றியிருந்த நீரின் அழுத்தம் இல்லாமல் போகிறது. சூட்டினால் விரிந்த குழாய்கள் விரிந்தபடியே இருக்கின்றன. குருதி கால்களுக்கு ஓடுகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. கண் இருளும். உட்கார இடமிருந்தால் தப்பலாம். நீருக்குள் சாய்ந்தால் யாராவது பார்க்க வேண்டும். எனது மச்சான் விழுந்தது இந்தக் கட்டத்தில்.

குசாட்சு என்ற ஊர்

யப்பானின் குன்மா மாகாணத்தில், 1,200 மீற்றர் உயரத்தில் குசாட்சு என்ற வெந்நீர் ஊர் இருக்கிறது. அங்கே ஊற்று நீர் 50 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில் வெளிவரும். குளிர்ந்த நீர் கலந்தால் ஊற்று நீரின் தன்மை குறைந்துவிடும் என்பதால், நீண்ட மரப் பலகைகளால் நீரைக் கிளறிக் கிளறியே ஆற்றுவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு கிளறும் அந்த வழக்கம் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியாகவும் ஆகிவிட்டது. 1876இல் யப்பானுக்கு வந்து ரோக்கியோவில் மருத்துவம் கற்பித்த ஜேர்மன் வைத்தியர் எர்வின் பெல்ஸ் இந்த ஊரின் நீரைப் பெரிதும் போற்றினார்.

அங்கே பழைய முறைக் குளியல் ஒன்று இருந்தது. 47 பாகை அளவு கொதிக்கும் நீரில், குளியல் தலைவர் ஒருவரின் கட்டளைப்படி எல்லோரும் ஒன்றாக அந்நாட்களில் இறங்குவார்கள். மூன்று நிமிடம்தான். இடையிடையே அவர் நேரத்தைச் சொல்லிக் கூவுவார், மற்றவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். இறங்குவதற்கு முன் தலையில் பலமுறை வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதியாக இருந்தது. பதில் குரல் கொடுத்தது வெறும் சடங்கு அல்ல என்று எனக்குப் படுகிறது. குரல் வராதவர் மயங்கிவிட்டார் என்று உடனே தெரிந்துவிடும் அல்லவா?

அந்த ஊரில் பணியாற்றிய குன்மா பல்கலைக்கழக வைத்தியர்கள், 47 பாகை நீரில் இறங்கியவர்களின் குருதியைச் சோதித்துப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறியதோடு, குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள் தூண்டப்படுவதையும், கட்டியைக் கரைக்கும் இயல்பு குறைவதையும் கண்டார்கள். மிதமான சூட்டு நீரில் இந்த விளைவு அப்படித் தெரியவில்லை. ஆகவே வெந்நீர் என்று பொதுவாகச் சொல்வது போதாது. எத்தனை பாகை என்பதே கேள்வி. 38 பாகைக்கும் 43 பாகைக்கும் இடையில் ஐந்து பாகைதான் வித்தியாசம். உடலுக்கு அவை இரண்டும் இரு வேறு குளியல்கள்.

அப்படியானால் வெந்நீர் கெட்டதா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2020இல் வெளியான யப்பானிய ஆய்வொன்று, நடுவயதுக்காரர் 30,000 பேருக்கு மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தொட்டிக் குளியல் எடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது, நாளாந்தம் குளித்தவர்களுக்கு இதய, குருதிக்குழாய் நோய்கள் 28 வீதமும், பாரிசவாதம் 26 வீதமும் குறைவாக இருந்தன. பின்லாந்தில் 2,315 ஆண்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு, வாரத்தில் நான்கு முதல் ஏழு தடவை சவுனா எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் வெகு குறைவு என்று காட்டியது.

இப்படியான கணக்குகளைப் பார்க்கும்போது ஒரு கணக்காளனுக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். இரண்டு நிரல்கள் சேர்ந்து ஏறுகின்றன என்பதற்காக ஒன்று மற்றதை ஏற்றியது என்று எழுதிவிட முடியாது. உடல்நலம் உள்ளவர்கள்தான் அடிக்கடி குளிக்கப் போவார்கள். நெஞ்சு நோ உள்ளவர் வீட்டில் இருந்துவிடுவார். இதை ஆய்வாளர்களும் அறிவார்கள். இயன்றவரை அதற்கேற்பக் கணக்கைத் திருத்தவும் செய்தார்கள். இருந்தாலும் நான் எடுத்துக்கொண்ட முடிவு இது: பழக்கப்பட்டவர், அளவான சூட்டில், அளவான நேரம் குளித்தால் நன்மை கூடும், தீமை குறைவு. பழக்கமில்லாதவர், குளிர்நாளில், அதிகச் சூட்டில், நீண்ட நேரம் இருந்தால் கணக்கு தலைகீழாகும். ஆண்டுக்கு ஒருமுறை போகும் நாங்கள் இரண்டாவது வகை.

எம்மவர்கள் ஏன் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்?

52 நாடுகளில் நடந்த பெரிய மாரடைப்பு ஆய்வொன்றில் இலங்கை, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளும் இருந்தன. முதல் மாரடைப்பு வரும் நடுவயது தெற்காசியர்களுக்கு 53, ஏனைய நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆறு வருடம் முந்தியே எங்களுக்கு வந்துவிடுகிறது. சலரோகம், உயர் குருதி அழுத்தம், வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, புகைத்தல், உடற்பயிற்சியின்மை எல்லாம் இதில் பங்கெடுக்கின்றன. இரண்டு வேலை, இரவு வேலை, ஊர் நினைவு, வழக்கு நிலுவை என்று வாழ்ந்த தலைமுறை இப்போது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிற்கிறது. பலருக்குத் தங்கள் பிரசர் எவ்வளவு என்றே தெரியாது.

சலரோகக்காரருக்கு வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. பல வருடச் சலரோகத்தால் கால் நரம்புகள் மரத்திருந்தால் நீரின் சூடு தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். இன்சுலின் ஏற்றியவுடன் வெந்நீரில் இறங்கினால், சூட்டினால் அது வேகமாகக் குருதியில் கலந்து சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். நெஞ்சு நோவே தெரியாமல் மாரடைப்பு வருவதும் சலரோகக்காரரிடம் அதிகம்.

மருந்துகளையும் கவனிக்க வேண்டும். பிரசர் குளிசை, சலம் போக்கும் குளிசை, நாக்கின் கீழ் வைக்கும் நெஞ்சுக் குளிசை, ஆண்களுக்குப் புரொஸ்டேற்றுக்குக் கொடுக்கும் சில குளிசைகள் ஆகியவை அழுத்தத்தை இறக்குவன. சூடும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் எழும்போது மயக்கம் வரலாம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது இதைவிடப் பெரிய தவறு.

இன்னொன்று மொழி. யப்பானில் ஒன்சென் வாசலில் யார் குளிக்கக்கூடாது என்று பலகை எழுதி வைப்பது சட்டப்படியான கடமை. சிறு வேலைக்கே மூச்சு வாங்கும் அளவுக்கு இதய, நுரையீரல் நோய் உள்ளவர், காய்ச்சல் உள்ளவர், கடும் குருதிச்சோகை உள்ளவர், உடல் வீங்கும் அளவுக்குச் சிறுநீரக நோய் உள்ளவர் என்று அதில் வரிசையாக இருக்கும். இங்கே சுவிஸிலும் ஜேர்மனியிலும் தடாகச் சுவர்களில் சூட்டின் அளவும் நேர எல்லையும் எழுதியிருக்கும். பிள்ளைகள் வாசிப்பார்கள். அப்பா, அம்மா, அப்பம்மா வாசிக்க மாட்டார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள். பிள்ளைகளே, அந்தப் பலகையை அவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். ரிக்கெற் வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை.

கன்னியா நினைவு

திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். அந்தியேட்டிக் கிரியைக்காகப் போய் அங்கே குளித்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். “அங்கே இத்தனை பேர் குளித்தோமே, யாருக்கு என்ன நடந்தது?” என்று எனது மூத்த உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

கன்னியாவில் யாரும் கிணற்றுக்குள் இறங்கி அமர்வதில்லை. வாளியால் அள்ளி ஊற்றுவோம். ஊற்றும் நீர் உடலில் வழிந்து ஓடிவிடும். நீரின் எடை நெஞ்சை அழுத்துவதில்லை. கால் குருதி நெஞ்சுக்குத் தள்ளப்படுவதில்லை. நின்றபடியே குளிப்பதால், எழும்போது வரும் மயக்கத்துக்கும் இடமில்லை. ஏழு கிணற்றுச் சூடும் ஏழு விதம் என்பதால் எது தாங்குமோ அதில் அள்ளலாம். வெளியே திருகோணமலை வெயில், பனி அல்ல. ஆக, அங்கே வெந்நீர் இருந்தது, மேலே சொன்ன நான்கு கட்டங்களில் பெரும்பாலானவை இருக்கவில்லை. ஊர்க் குளியலின் துணிவை இங்கே கழுத்தளவு தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

என் அம்மம்மா கிணற்றடியில் முதல் வாளியைக் காலில்தான் ஊற்றச் சொல்வா. யப்பானியர்களும் தொட்டியில் இறங்குவதற்கு முன் காலில் தொடங்கி மெல்ல மேலே நீர் ஊற்றிக்கொள்கிறார்கள். உடலுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது போன்றது அது.

செய்ய வேண்டியவை

சுவிஸில் லொய்க்கர்பாட் ஊற்று 51 பாகையில் வருகிறது, பாடன் ஊற்று 47 பாகையில். ஆனால் தடாகங்களில் அதை ஆற்றித்தான் விடுகிறார்கள். பெரிய தடாகங்கள் பொதுவாக 34 முதல் 36 பாகையில் இருக்கும். அங்கே அளவாக இருப்பதில் பெரும்பாலானோருக்குப் பயமில்லை. பயம் அதிகச் சூட்டுத் தொட்டி, சவுனா, உடனே பனித்தண்ணீரில் குதிப்பது ஆகியவற்றில்தான். பின்வருவனவற்றில் பல, யப்பானிய முகவரகம் தன் மக்களுக்குச் சொல்பவை.

நீர் 41 பாகைக்கு மேல் இருக்க வேண்டாம். அந்தச் சூட்டில் 10 நிமிடம் போதும். மிதமான தடாகத்திலும் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து சாய்ந்து இருந்து ஆறுங்கள்.

சாப்பிட்ட உடனே இறங்க வேண்டாம். ஒரு மணித்தியாலமாவது போகட்டும். மது குடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம்.

குளிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். நீர் அளவைக் கட்டுப்படுத்தும்படி வைத்தியர் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவை மீற வேண்டாம்.

முதலில் மிதமான தடாகம், பிறகு சற்றுச் சூடானது. வெளித் தடாகத்துக்கு உள்ளிருந்து நீருக்குள்ளாலேயே போகும் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நெஞ்சளவு நீர், கழுத்தளவு நீரை விட இதயத்துக்கு இலகு.

சவுனாவிலிருந்து பனித்தொட்டியில் குதிப்பதைப் பழக்கமுள்ளவர்களுக்கு விடுங்கள். விரிந்த குழாய்கள் ஒரே கணத்தில் சுருங்கும்போது அழுத்தம் தாவி ஏறும்.

எழும்போது கைபிடியைப் பிடித்து, படியில் ஒரு நிமிடம் அமர்ந்து, பிறகு எழுங்கள். தனியாகப் போக வேண்டாம். வீட்டுத் தொட்டியில் குளிப்பதென்றால் வீட்டிலுள்ளவருக்குச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டாமல் குளியுங்கள். குளியலறையை முதலே சூடாக்குங்கள்.

அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், படியேறும்போது நெஞ்சு இறுகுபவர், அழுத்தம் கட்டுப்படாமல் இருப்பவர், இதய வால்வு ஒடுங்கியவர் வைத்தியரின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது மூன்று கேள்விகளைப் பிள்ளைகளைக் கொண்டு அந்த நாட்டு மொழியில் எழுதிக்கொண்டு போங்கள்: நான் வெந்நீர்த் தடாகத்துக்குப் போகலாமா? எத்தனை பாகை, எத்தனை நிமிடம்? எனது குளிசைகளில் எதை அன்று கவனிக்க வேண்டும்?

ஏதாவது நடந்தால்

நெஞ்சு இறுக்கம், இடது கை, தோள், தாடை, முதுகு நோ, குளிர் வியர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத வாந்தி. இவற்றில் எது வந்தாலும் உடனே நீரை விட்டு வெளியே வர வேண்டும். வெந்நீர் அந்த நோவைப் போக்காது. பெண்களுக்கு நெஞ்சு நோ இல்லாமல் களைப்பும் வாந்தியும் மட்டும் வரக்கூடும்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கையையும் தூக்கும்போது ஒன்று விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். நேரத்தைக் குறித்து வையுங்கள். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். “சூடு கூடிப்போச்சு, படுத்தால் சரியாகும்” என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அந்த நேரம் போய்விடும்.

நீருக்குள் ஒருவர் மயங்கினால் முதல் வேலை தலையை நீருக்கு மேல் பிடிப்பது. வீட்டுத் தொட்டியானால் அடைப்பைத் திறந்து நீரை விடுங்கள். சத்தமிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். உங்கள் காரில் ஏற்ற வேண்டாம், அம்புலன்ஸை அழையுங்கள். சுவிஸில் 144, பிரான்சில் 15, நோர்வேயில் 113, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000, ஐரோப்பாவில் பொதுவாக 112. மொழி தடுமாறினாலும் இடத்தின் பெயரையும் ‘இதயம்’ என்பதற்கான அந்த நாட்டுச் சொல்லையும் சொன்னால் வருவார்கள். இந்த இரண்டையும் எங்கள் அம்மாமார் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். அன்று என் மச்சானின் மனைவி தடுமாறிப்போய் நின்றார். பணியாளர் இருந்ததால் பரவாயில்லை. எப்போதும் யாராவது இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மகளுக்குப் பதில்

பின்னர் ஒருநாள் அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னேன். அப்பாவின் இதயக் குழாயில் அந்த அடைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. புகைத்த வருடங்களும், சோதிக்காத பிரசரும், நின்று நின்று செய்த வேலையும் சேர்த்து வைத்த பழைய நிலுவை அது. அன்றைய குளிரும், சாப்பாடும், பியரும், அதிகச் சூடும், முக்கால் மணித்தியாலமும் சேர்ந்து அதை அன்றே வசூலிக்க வந்தன. உங்கள் ரிக்கெற் அதற்குக் காரணமல்ல. அது இல்லாவிட்டால், இரவு வேலை முடிந்து தனியாகப் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது வந்திருக்கலாம். அங்கே தலையைப் பிடிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மறுவாழ்வுப் பயிற்சிகள் முடிந்து, வைத்தியரின் அனுமதியோடு, போன ஐப்பசியில் அவர்கள் நால்வரும் மீண்டும் ஒரு தடாகத்துக்குப் போனார்கள். 34 பாகை, நெஞ்சளவு நீர், பதினைந்து நிமிடம். மகள் கரையில் இருந்து நேரம் பார்த்தாளாம். வெளியே வந்ததும் மச்சான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “மச்சான், தண்ணி அவ்வளவு சூடில்லை, ஆனாச் சுகமாத்தான் இருந்துது” என்றார்.